அன்புள்ள கொட்டாம்பட்டி அவர்களுக்கு

 

உங்கள் பெயர் என்ன என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மழலை மாறாத பிள்ளைகூடத் தன் பெயரைத் தடுமாறாமல் சொல்லிவிடும். அதே கேள்வியைக் கைப்பேசியோ கணினியோ கேட்கும்போது மட்டும் அறுபது வயதைக் கடந்தவர்களும் விழிக்கிறார்கள். 'முதற்பெயர்' என்று ஒரு கட்டம், 'கடைசிப் பெயர்' என்று மற்றொரு கட்டம். இரண்டாவதைக் காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் ஒரு கண்டிப்பு வருகிறது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்திற்குப் போக வழியில்லை. நம்மிடம் இல்லாத ஒன்றைக் கொண்டு வா என்றால் எங்கே போவது?

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், மேலூரைத் தாண்டி வருவது எங்கள் கொட்டாம்பட்டி. அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் சற்று உட்கார்ந்தால், "மாமு, இதைக் கொஞ்சம் நிரப்பிக் கொடுங்க" என்று யாராவது கைப்பேசியை நீட்டிக்கொண்டு வருவார்கள். பாஸ்போர்ட், விமானச் சீட்டு, பான் அட்டை, பணம் அனுப்பும் செயலி, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் என்று எதுவாகவும் இருக்கும். சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருவதில் எனக்குக் கிடைத்த அறிவு ஒன்று உண்டு. முகவரியிலோ பிறந்த தேதியிலோ மக்கள் அவ்வளவாகச் சிக்கிக்கொள்வதில்லை. பெயரில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

சகோதரர் ஒருவருக்கு நம் வழக்கப்படி இரண்டு இனிஷியல்கள். ஒன்று ஊருக்கு, மற்றொன்று அத்தாவுக்கு. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்றார்கள், விரித்தார். ஊரின் பெயர் முன்னால் வந்து அமர்ந்துகொண்டது. பிறகு வளைகுடாவுக்கு விமானச் சீட்டு பதிவு செய்தார். மறு நிமிடமே மின்னஞ்சல் வந்தது: "அன்புள்ள கொட்டாம்பட்டி அவர்களுக்கு, எங்களுடன் பயணம் செய்ய முன்வந்தமைக்கு நன்றி." ஊரே மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டதுபோல் இருந்தது. பள்ளிவாசல் திண்ணையில் அன்று எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

சிரிப்பதற்கு இடம் தராத செய்திகளும் இருக்கின்றன. அவற்றைச் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். குடும்பப் பெயர் இல்லாதது நம்மிடம் உள்ள குறை என்று இளைஞர்கள் சிலர் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அது குறையே அன்று. தமிழகத்தில் 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் பின் தந்தையின் பெயரெழுத்தும் தன் பெயரும் போதும் என்பது தமிழர் வழக்காகவே வேரூன்றிவிட்டது. நம் மார்க்கத்திலும் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதுதான் முறை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களை மணந்த பின்னரும் அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளாகவே அறியப்பட்டார்கள். மறைந்த குடியரசுத் தலைவர் மேதகு அப்துல் கலாம் அவர்களின் முழுப்பெயரைப் பாருங்கள்: ஆவுல் பக்கீர் ஜைனுல் ஆபிதீன் அப்துல் கலாம். முன்னோர் பெயர், தந்தையார் பெயர், அதன் பின்னரே தம் பெயர். அந்த மாமனிதர் இன்று ஒரு செயலியில் தம்மைப் பதிந்துகொள்ள முனைந்திருந்தால், அது அவரை 'ஆவுல்' என்றுதான் விளித்திருக்கும்!

இதனினும் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. அப்துர் ரஹ்மான் என்னும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் ஆகிய பெயர்கள் அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானவை என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பார்வைக்கு இரண்டு சொற்கள். பொருளால் ஒரே பெயர். அளவற்ற அருளாளனின் அடியான் என்பது அதன் பொருள். மென்பொருளுக்கு இது தெரியாது. நடுவில் இடைவெளியைக் கண்டதும் அது கத்தியை எடுத்துவிடுகிறது. 'அப்துல்' முதற்பெயராகவும், 'ரஹ்மான்' குடும்பப் பெயராகவும் ஆகிவிடுகின்றன. 'அன்புள்ள அப்துல்' என்று கடிதம் வருகிறது. யாருடைய அடியான் என்று சொல்லாமல் 'அடியான்' என்று மட்டும் அழைத்தால் அது பெயராகுமா? 'திருவாளர் ரஹ்மான்' என்று எழுதும் நிறுவனமும் உண்டு. ரஹ்மான் என்பது வல்ல இறைவனுக்கே உரிய திருப்பெயர். மனிதரை அப்பெயரால் மட்டும் அழைப்பது தகாது என்று ஆலிம்கள் ஆண்டாண்டுக் காலமாகச் சொல்லி வருகிறார்கள். உம்மாக்களும் அத்தாக்களும் வீட்டில் பேணிக் காத்த அந்த ஒழுக்கத்தை, எங்கோ அமர்ந்து ஒருவர் வரைந்த இரண்டு கட்டங்கள் ஒரு நொடியில் உடைத்துவிடுகின்றன.

நம் பெண்மக்களின் நிலை இன்னும் விசித்திரமானது. பீவி, பேகம், அம்மாள் ஆகியவை மரியாதைச் சொற்கள். கணினி அவற்றைக் குடும்பப் பெயர்களாகக் கொள்கிறது. அதன் கணக்கில் கொட்டாம்பட்டியிலுள்ள பேகம்கள் எல்லாரும் ஒரே குடும்பத்தார். ஒரே வீட்டில் பிறந்த அக்காள் 'பீவி'யும் தங்கை 'பேகம்' ஆனவளும் இரண்டு வேறு குடும்பங்கள்.

இந்தத் தொல்லை தமிழக முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் 2024-ஆம் ஆண்டு, 'நான் எழுத்துப் பிழை அல்லன்' என்னும் பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் கிளம்பிற்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-இல் குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்களில் 41 விழுக்காட்டை, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆங்கில அகராதி தவறு என்று காட்டியதாக அவ்வியக்கத்தார் கணக்கெடுத்துச் சொன்னார்கள். தாயும் தந்தையும் பார்த்துப் பார்த்து வைத்த பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு! அமெரிக்கப் பத்திரிகையாளர் கிறிஸ்டோபர் நல் என்பவருக்கு வேறு விதமான சோதனை. அவருடைய குடும்பப் பெயரான 'நல்' என்பது கணினி மொழியில் 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் சொல். பெயரைத் தட்டச்சு செய்த பிறகும் 'பெயரை நிரப்பவும்' என்று படிவங்கள் அவரைத் திருப்பி அனுப்பும் கதையை அவரே 2015-இல் எழுதினார்.

நம் நாட்டுக்கு வருவோம். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம். பாஸ்போர்ட்டில் இரண்டு. நம்மில் பெரும்பாலோர் பான் அட்டை வாங்கிய 49-ஏ படிவத்தில் மூன்று. அதில் கடைசிப் பெயர் கட்டாயம், இனிஷியலுக்கு அனுமதியில்லை. உங்கள் பான் அட்டையை எடுத்து அதன் ஐந்தாம் எழுத்தைப் பாருங்கள். கடைசிப் பெயர் என்று எதை எழுதினீர்களோ, அதன் முதல் ஆங்கில எழுத்து அங்கே இருக்கும். பலருக்கு அது அத்தாவின் பெயரெழுத்தாக இருப்பதைக் காணலாம். ஒரே மனிதர், மூன்று அட்டைகள், மூன்று விதமாக வெட்டப்பட்ட பெயர்.

எழுத்துக்கூட்டுச் சிக்கலோ தனிக் கதை. 'முஹம்மது' என்னும் திருப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் உயிரெழுத்து 'ஓ'வா 'யூ'வா, நடுவில் 'எம்' ஒன்றா இரண்டா, கடைசி உயிரெழுத்து 'ஏ'யா 'ஈ'யா என்று மூன்று இடங்களில் பாதை பிரிகிறது. பெருக்கிப் பார்த்தால் 8 விதம். எட்டும் புழக்கத்தில் இருக்கின்றன. சுருக்கங்கள் தனி. பள்ளியில் சேர்த்த ஆசிரியர் ஒருவிதமாக எழுதினார். வாக்காளர் பட்டியலுக்கு வந்தவர் வேறுவிதமாக எழுதினார். தமிழில் உள்ள பெயரைத் தானே ஆங்கிலமாக்கும் மென்பொருள், 'பாத்திமா'வின் முதலெழுத்துக்குப் 'பி' என்னும் எழுத்தைப் போட்டுவிட்டுப் போனது. தமிழில் ஒரே 'ப'கரம் மூன்று ஒலிக்கு நிற்கும் என்பதை அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும்.

மனிதர்கள் பார்த்த காலத்தில் இதனால் பெரிய கேடு விளைந்ததில்லை. தபால்காரருக்கு ஆளைத் தெரியும். பெயர் எப்படி இருந்தாலும் மணியார்டர் வந்து சேர்ந்தது. இன்று ஒப்பிடுவது இயந்திரம். பான் எண்ணையும் ஆதாரையும் 1000 ரூபாய் கட்டணத்துடன் இணைப்பதற்கு 2023 ஜூன் 30 இறுதி நாள் என்று அறிவிக்கப்பட்டிருந்தது நினைவிருக்கும். பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் இரண்டிலும் பொருந்த வேண்டும். அந்த ஜூன் மாதம் முழுவதும் நான் பார்த்த விண்ணப்பங்களில், ஆள் மாறியது ஒன்றுகூட இல்லை. எழுத்து மாறியவை ஏராளம். இணைக்காத பான் எண்கள் ஜூலை 1 முதல் செயலிழந்தன.

வளைகுடாவை நம்பியிருக்கும் வீடுகளுக்கு 2022 நவம்பரில் ஓர் அதிர்ச்சி வந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் பார்வையாளர் விசா போன்றவற்றில் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்கள் என்று ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் 21-ஆம் தேதி சுற்றறிக்கை விடுத்தன. அங்கே ஏற்கெனவே குடியிருப்பு அனுமதி பெற்றவர்களுக்கு இது பொருந்தாது. குடும்பப் பெயர்க் கட்டத்தை நேர்மையாகக் காலியாக விட்டவர்களே இதில் அகப்பட்டுக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்ற விளக்கம் பின்னர் வந்தது. இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். கட்டம் கேட்டது குடும்பப் பெயரை. அரபு நாட்டு அதிகாரிகள் ஏற்றுக்கொண்டது தந்தையின் பெயரை. அவர்களுடைய மரபும் அதுதானே!

அமெரிக்க விசாவிலோ, ஒற்றைப் பெயருள்ளவரின் அந்த ஒரு பெயரைக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதற்பெயர் உள்ள இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று மூன்றெழுத்து போடுகிறார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பது அதன் விரிவு. பெயரைத் தெளிவாகச் சொன்னவருக்கே இந்த முத்திரை. சுகர்ணோ, சுஹார்த்தோ என்று ஒற்றைப் பெயருடைய இரண்டு அதிபர்கள் ஆண்ட இந்தோனேஷியாவும், புதிதாகப் பதியும் பெயரில் குறைந்தது இரண்டு சொற்கள் இருக்க வேண்டும் என்று 2022-இல் விதி செய்துவிட்டது. கட்டத்துக்கு ஏற்பப் பெயரை மாற்றும் காலம் வந்துவிட்டதென்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய ஒருவர் திடீரென்று வஃபாத் ஆனார். சேமிப்பில் ஒரு பகுதியை ஒரு நிதி நிறுவனத்தின் செயலி வழியாகப் போட்டு வைத்திருந்தார். தமக்குப் பின் மனைவிக்கு என்று முறையாகப் பதிந்தும் இருந்தார். அவர் பதிந்த பெயர் 'பீவி' என்று முடிந்தது. அந்த அம்மையாரின் ஆதாரில் பெயர் 'பேகம்' என்று முடிந்தது. 'பெயர் பொருந்தவில்லை' என்று செயலி சொல்லிவிட்டது.

அந்தச் செயலியின் விளம்பரம், வீட்டை விட்டு வெளியே வராமலே எல்லாக் காரியங்களையும் முடித்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த அம்மையாரோ இத்தாவில் இருக்கிறார். 4 மாதம் 10 நாள். இப்படிப்பட்ட வசதி ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் காலம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். நான் எழுதிக் கேட்டேன். உடனே பதில் வந்தது: 'அன்புள்ள பீவி, தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?' எழுதியது மனிதரல்லர், இயந்திரம். நிலைமையை விளக்கினேன். 'தங்கள் கேள்வி புரியவில்லை. கீழ்க்கண்டவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்' என்றது. கீழே இருந்தவற்றுள் மரணம் இல்லை.

தொலைபேசியில் முயன்றேன். ஒன்றை அழுத்தவும், நான்கை அழுத்தவும், காத்திருக்கவும் என்று பாட்டுப் பாடி அனுப்பி வைத்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு பெண்பிள்ளையின் குரல் கிடைத்தது. நல்ல தமிழ், நல்ல மனம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, துக்கம் விசாரித்துவிட்டு, "எனக்குப் புரியுதுங்க சார். ஆனா என் ஸ்கிரீன்ல அந்த இடத்தை மாத்துற வசதியே கிடையாதுங்க" என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அந்த நிறுவனத்தில் எங்கள் பேச்சைக் காதால் கேட்ட ஒரே ஆள் அவள்தான்; அவளுடைய கையில் ஒன்றுமில்லை. கையில் அதிகாரம் உள்ளவர் யார், எங்கே இருக்கிறார் என்று கடைசி வரை தெரியவில்லை.

பிறகு, நேரில் மதுரைக் கிளைக்கு வரவேண்டும் என்று செய்தி வந்தது. அவசியத் தேவைக்குப் பகலில் வெளியே செல்லலாம் என்று ஹஸ்ரத் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். ஆயினும் அந்த அம்மையாரின் மனம் இடங்கொடுக்கவில்லை. இத்தா முடியும்வரை பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கு உறவினர்கள் கைகொடுத்தார்கள். அதன் பின் நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம், இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்கான சான்று, நகல்கள், கையொப்பங்கள். பணம் கைக்கு வந்தது ஏழாவது மாதம். 'பீவி' என்பதும் 'பேகம்' என்பதும் ஒன்றே என்று எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

பெயரை அரைகுறையாக ஒப்பிடுவதும் ஆபத்துத்தான். அமெரிக்காவில் 2011-இல் செர்ஜியோ ரமிரெஸ் என்பவர் கார் வாங்கப் போனார். அரசின் தடைப் பட்டியலில் உள்ளவருடைய பெயரோடு அவர் பெயர் ஒத்துப்போகலாம் என்று டிரான்ஸ்யூனியன் என்னும் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கை கூறியது. அவருக்குக் காரை விற்க மறுத்துவிட்டார்கள். அந்நிறுவனத்தின் மென்பொருள் முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டுமே ஒப்பிட்டிருந்தது. பிறந்த தேதியைக்கூடப் பார்க்கவில்லை. இதே அவதிக்கு ஆளான 8,185 பேர் சார்பில் வழக்கு நடந்தது. 2021 ஜூன் மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 1,853 பேர் மட்டுமே நிவாரணம் கோரத் தகுதியுடையவர்கள் என்று கூறிவிட்டது. ரமிரெஸுக்கே இந்தக் கதி என்றால், முஹம்மதும் அஹ்மதும் அப்துல்லாஹ்வும் உலகில் எத்தனை கோடி! நம் பிள்ளைகள் அனுப்பும் பணம் சில வேளைகளில் காரணம் சொல்லப்படாமல் 'பரிசீலனையில்' என்று நாட்கணக்கில் நின்றுவிடுவதைப் பார்க்கும்போது, எனக்கு இந்த வழக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

இவற்றுக்கெல்லாம் மாற்று இல்லையா என்றால், இருக்கிறது. கடினமானதும் அன்று. பேட்ரிக் மெக்கென்ஸி என்னும் மென்பொருள் வல்லுநர் 2010-இலேயே, பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் கொண்டுள்ள தவறான நம்பிக்கைகளை நாற்பதாக எண்ணிக் காட்டினார். எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்பதும் அவற்றுள் ஒன்று. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, கூடுமானால் முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள், உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று தனியே கேளுங்கள் என்று வழிகாட்டியிருக்கிறது. கோடிக்கணக்கான மக்களைப் பதிந்த ஆதாரே ஒரு கட்டத்தில் காரியத்தை முடித்திருக்கிறது. உலகைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இது தெரியாமலில்லை. திருத்தினால் வருமானம் கூடப்போவதில்லை. ஆகவே திருத்தவில்லை என்பது என் எண்ணம்.

இந்த மென்பொருள்களுக்கெல்லாம் அடிப்படையான 'அல்காரிதம்' என்னும் சொல்லே நம்மவர் ஒருவரின் பெயர்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி அவர்களின் பெயரை இலத்தீன் மொழியினர் உச்சரித்த விதத்தில் பிறந்தது அது. மூஸாவின் மகன் முஹம்மது, குவாரிஸ்ம் நாட்டைச் சேர்ந்தவர் என்பது பொருள். அத்தா பெயர், தன் பெயர், ஊர்ப் பெயர். நம் இனிஷியல் முறையேதான்!

நிறுவனங்கள் திருந்தும்வரை நாம் என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அரைமனத்தோடுதான் சொல்கிறேன், ஏனெனில் கட்டத்துக்காக நம் பெயரை நாமே செதுக்கும் வேலை இது. 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அதில் பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமில்லை. அதன் பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை முடியும். ஆகவே அவசரம் வேண்டாம். ஏழாம் நாள் பெயர் சூட்டும்போதே, ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து எப்படி வரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அத்தாவின் பெயரை அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். அப்துர் ரஹ்மான், அப்துல் காதர் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதினால் கத்தி விழ இடமிருக்காது. பீவியா, பேகமா, இரண்டும் வேண்டாமா என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாமல் தந்தையின் பெயரை அதில் எழுதுங்கள். ஊர்ப் பெயரை விரித்து எழுத வேண்டாம்.

பெரியவர்கள் தங்கள் அட்டைகள் அனைத்தையும் ஒரு நாள் பாயில் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரில் பெயரைத் திருத்திக்கொள்ள வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி. எந்த எழுத்துக்கூட்டு நிலைக்க வேண்டும் என்று வீட்டாரோடு கலந்து பேசி முடிவு செய்த பின்னரே இ-சேவை மையத்துக்குப் புறப்படுங்கள். கணவரின் கணக்கிலும் காப்பீட்டிலும் உங்கள் பெயர் எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்பதை, அவர் நலமாக இருக்கும்போதே, அவரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்துவிடுங்கள்.